கன்னத்தில் கறுப்புப் புள்ளி, முதுகில் ஒட்டிய மரு: கெரட்டோசிஸ் நீக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை வாசலிலும் அழகு நிலையத்திலும் தோல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பேசப்படுவது முக்கியமாக இரண்டைப் பற்றி: வயதோடு தோலில் மரு போல எழும்பும் செபோரிக் கெரட்டோசிஸ், அதன் குட்டி வடிவமான டி.பி.என். (டெர்மட்டோசிஸ் பாப்புலோசா நைக்ரா). பதில்கள் மாநிறத் தோலையும் கறுப்புத் தோலையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இந்தப் புள்ளிகளை எடுப்பது சுலபம். எடுத்த இடத்தில் என்ன நிறம் மிஞ்சுகிறது என்பதுதான் நம் தோலில் சிக்கல்.

கன்னத்துல சின்னச் சின்னதா கறுப்பா எழும்பியிருக்கு. இது மருவா, மச்சமா, பாலுண்ணியா?

கன்ன எலும்பு, நெற்றிப்பொட்டு, கண்ணைச் சுற்றி, கழுத்து ஆகிய இடங்களில் 1 முதல் 5 மில்லிமீட்டர் அளவில், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தால் அது பெரும்பாலும் டி.பி.என். பெண்களுக்கு அதிகம். இருபதுகளிலேயே தொடங்கி வயதோடு கூடிக்கொண்டே போகும். அம்மாவுக்கோ அத்தைக்கோ இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

நாற்பதுக்கு மேல் முதுகிலும் மார்பிலும் நெற்றி ஓரத்திலும் மெழுகை உருக்கி ஒட்டியது போல, சொரசொரப்பாக, சில மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வளர்வது செபோரிக் கெரட்டோசிஸ். நகத்தால் சுரண்டினால் துகளாக உதிரும். கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்கும் மெத்தென்ற சதையைத்தான் பலரும் பாலுண்ணி என்கிறார்கள். கை விரலிலும் பாதத்திலும் வரும் கரடுமுரடான மரு வைரஸால் வருவது. மச்சம் நிறமிச் செல்களால் ஆனது. வெறும் கண்ணால் குழப்பம் வந்தால் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். வெண்மணி போன்ற சின்னப் புள்ளிகளும் அடைபட்ட துளைகளும் தெரிந்தால் கெரட்டோசிஸ் என்று பெரும்பாலும் உறுதியாகிவிடும்.

ஒரே டவல்ல துடைச்சா எனக்கும் ஒட்டிக்குமா?

ஒட்டாது. இதில் கிருமி எதுவும் இல்லை. தோலின் மேலடுக்குச் செல்களில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 போன்ற மரபணுக்கள் மாறுவதால், அந்த இடத்தில் மட்டும் செல்கள் குவிகின்றன. குடும்பத்தில் பலருக்கு இருப்பதற்குப் பரம்பரைதான் காரணம், துண்டு அல்ல. உண்மையான வைரஸ் மருவுக்கு மட்டும் தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்காம விட்டா கேன்சர் ஆயிடுமா?

செபோரிக் கெரட்டோசிஸும் டி.பி.என்.னும் புற்றுநோயாக மாறுவதில்லை. எடுக்காமலே ஆயுள் முழுக்க இருக்கலாம். அரிப்பு, உடை உரசிப் புண்ணாவது, சீப்பு பட்டு ரத்தம் வருவது, பார்க்கப் பிடிக்கவில்லை என்பது ஆகிய நான்கும்தான் எடுப்பதற்கான காரணங்கள். அழகுக்காக எடுப்பதற்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

குழப்பம் பெயரால் வருகிறது. இணையத்தில் கெரட்டோசிஸ் என்று தேடினால் ஆக்டினிக் கெரட்டோசிஸ் முன்னால் வந்து நிற்கும். வெயிலில் பல ஆண்டு காய்ந்த வெள்ளைத் தோலில் வரும் அந்தச் செதில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை. 5-ஃப்ளோரோயுராசில் கிரீம், இமிக்குவிமாட், ஒளிச் சிகிச்சை என்று நீங்கள் படிப்பதெல்லாம் அதற்கான வைத்தியம். அந்தக் கிரீம்களை வாங்கி டி.பி.என். மேல் பூசினால் கன்னம் வெந்து சிவப்பதுதான் மிச்சம். நம் நிறத்தில் ஆக்டினிக் கெரட்டோசிஸ் அரிது. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்கள் மட்டும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

அப்படின்னா எதைப் பார்த்தா பயப்படணும்?

சில வாரங்களில் வேகமாக வளர்வது, ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம், ஓரம் தாறுமாறாக இருப்பது, காரணமில்லாமல் ரத்தம் கசிவது, ஆறாத புண். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும், பிறகுதான் எடுப்பதைப் பற்றிப் பேச்சு. நம் தோலில் ஏமாற்றும் ஆசாமி பேசல் செல் புற்றுநோய். அதுவும் கறுப்பாகவே வரும். ஆனால் ஓரம் முத்துப் போல மினுங்கும், நடுவில் குழிந்து பொருக்குத் தட்டும்.

உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம் ஆகிய இடங்களில் செபோரிக் கெரட்டோசிஸ் வருவதில்லை. அங்கே, அல்லது நகத்தடியில், புதிதாகக் கறுப்பு தோன்றினால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கறுப்புத் தோலில் வரும் மெலனோமா (நிறமிச் செல் புற்றுநோய்) பெரும்பாலும் அந்த இடங்களில்தான் தொடங்குகிறது.

ரெண்டு மூணு மாசத்துல முதுகு முழுக்க வந்துடுச்சு, அரிக்கவும் செய்யுது. வயசுதானே காரணம்?

பெரும்பாலும் வயதுதான். ஆனால் வருடக்கணக்கில் மெதுவாகக் கூடுவது வேறு, குறுகிய காலத்தில் கொத்தாகக் கிளம்புவது வேறு. பின்னதற்கு லெசர் - டிரெலா அறிகுறி என்று பெயர். வயிறு, குடல் போன்ற உள்ளுறுப்புப் புற்றுநோயோடு அது சில சமயம் சேர்ந்து வருவதாகச் சொல்லப்படுகிறது. இந்தத் தொடர்பு எவ்வளவு உறுதியானது என்று மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. எடை குறைவது, பசியின்மை, கழுத்தும் அக்குளும் திடீரென வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது ஆகியவையும் சேர்ந்திருந்தால் பொது மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கிரீம் போட்டே கரைச்சுட முடியாதா?

முழுதாக முடியாது. யூரியா 20 சதவீதம், லாக்டிக் அமிலம் 12 சதவீதம் உள்ள கிரீம்கள் மேலே உள்ள சொரசொரப்பைக் குறைக்கும், அரிப்பையும் கொஞ்சம் தணிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டசரோட்டீன் 0.1 சதவீதக் கிரீமை மாதக்கணக்கில் பூசினால் சிலருக்குத் தட்டையாகும். ஆனால் எரிச்சலும், அதைத் தொடர்ந்து கருமையும் வரும். கறுப்பைப் போக்கப் போய்க் கறுப்பை வாங்கிய கதை.

40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலுக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. செபோரிக் கெரட்டோசிஸுக்கென்றே வந்த முதல் பூச்சு மருந்து அது. மருத்துவர் கையால்தான் தடவ வேண்டும். சரியாக விற்காததால் 2019இல் தயாரித்த நிறுவனமே நிறுத்திக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் 3 அல்லது 6 சதவீதப் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வலுவில் கெரட்டோசிஸ் அசையாது.

சுண்ணாம்பும் சோடாவும் கலந்து வெச்சா ஒரே நாள்ல விழுந்துடும்னு சொல்றாங்களே?

விழும். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் கலந்தால் உருவாவது காரம். அது மருவை மட்டும் தேடிப் பிடித்து எரிப்பதில்லை. கெரட்டோசிஸ் இருப்பது தோலின் மேலடுக்கில் மட்டும். காரமோ திசுவைக் கூழாக்கிக்கொண்டே கீழே இறங்கும், எங்கே நிற்கும் என்று வைத்தவருக்கே தெரியாது. கீழடுக்கு வெந்தால் குழித் தழும்பு, சிலருக்கு மேடிட்டு வளரும் தழும்பு (கீலாய்டு). இரண்டுமே முதலில் இருந்த புள்ளியைவிடப் பெரிது, நிரந்தரமானது.

அம்மான் பச்சரிசிப் பாலும் இதே கணக்குதான். பால் வடியும் இந்த வகைச் செடிகளின் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கருவிழியையே கெடுக்கும். டி.பி.என். வருவதோ கண்ணைச் சுற்றி. நூலோ குதிரை முடியோ கட்டுவது காம்புள்ள சதைக்கு வேண்டுமானால் பொருந்தும், தட்டையான கெரட்டோசிஸில் கட்ட இடமே இல்லை. ஹோமியோபதி துஜா தைலம் பற்றியும் கேட்கிறார்கள்: வைரஸ் மருவுக்கென்று சொல்லப்படுவது அது, இங்கே வைரஸே இல்லை.

ஆன்லைன்ல பேனா மாதிரி ஒரு மெஷின் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. அதை வாங்கி வீட்லயே செய்யலாமா?

வேண்டாம். பிளாஸ்மா பேனா என்று விற்கப்படும் இவற்றின் நுனியில் சின்ன மின்பொறி பறக்கும். மருத்துவர் கையில் உள்ள கருவியும் சுடுவதுதான். ஆனால் அங்கே அளவு குறைத்து, துடைத்து, பார்த்து, நிறுத்துகிறார்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இடம் வலம் மாறித் தெரியும் தன் கன்னத்தைத் தானே சுடும்போது அந்த நிதானம் வராது. கடையில் நேரடியாக வாங்கி மச்சத்தையோ செபோரிக் கெரட்டோசிஸையோ பாலுண்ணியையோ நீக்கிக்கொள்ளும் மருந்து எதையும் எஃப்.டி.ஏ. அங்கீகரிக்கவில்லை.

டாக்டர் காட்டரின்னு சொன்னார். அதுல என்னதான் செய்வாங்க? வலிக்குமா?

காட்டரி, ஆர்.எஃப். (ரேடியோ அலை) இரண்டும் மின்சாரத்தால் சுடும் முறைகள். டி.பி.என்.னுக்கு அதிகம் செய்யப்படுவதும், பழகிய கையில் நல்ல பலன் தருவதும் இவைதான். முதலில் மரத்துப்போகும் கிரீம்: லிக்னோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம் கலந்தது. தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி 45 முதல் 60 நிமிடம் வைக்க வேண்டும். பலர் பதினைந்து நிமிடத்தில் துடைத்துவிட்டு வலிக்கிறது என்கிறார்கள். தோல் வெளுத்துத் தெரிந்தால் கிரீம் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு துடைத்துச் சுத்தம் செய்வார்கள். ஸ்பிரிட் போட்டால் அது முழுக்க உலர்ந்த பிறகே கருவியைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

கருவியைக் குறைந்த அளவில் வைத்து நுனியால் புள்ளியை ஓரிரு நொடி தொடுவார்கள். அது சாம்பல் நிறமாகி உப்பும். ஈரத் துணியால் துடைத்தால் மேல்பகுதி வந்துவிடும். அடியில் இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். புள்ளி ரத்தம் வந்துவிட்டால் மேலடுக்கைத் தாண்டியாகிவிட்டது. காம்புள்ள சிறிய டி.பி.என்.னைச் சுடாமல் வளைந்த நுண் கத்தரிக்கோலால் கத்தரித்துவிடலாம். சூடே படாததால் கருமை வரும் வாய்ப்பும் குறைவு. கிரீம் சரியாக வேலை செய்திருந்தால் எறும்பு கடித்த அளவு சுருக்கென்று இருக்கும். மூக்கோரத்தில் கொஞ்சம் கூடுதல்.

வெளிநாட்டுல என் அக்காவுக்கு நைட்ரஜன் வெச்சு உறைய வெச்சாங்க, சூப்பரா போச்சு. எனக்கு ஏன் வேண்டாம்கிறார்?

அக்காவுக்கு முதுகிலோ காலிலோ செய்திருப்பார்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். நிறமிச் செல்கள் மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே சாகத் தொடங்கும். கெரட்டோசிஸை உருவாக்கும் செல்களைக் கொல்ல அதைவிட வெகுவாகக் குளிர்விக்க வேண்டும். ஆகவே மரு சாகும் முன்பே நிறம் செத்துவிடுகிறது. வெள்ளைத் தோலில் இது கண்ணுக்குத் தெரியாது. நம் கன்னத்தில் மருவுக்குப் பதிலாக வெள்ளை வட்டம் நிற்கும், சிலருக்குத் திரும்பி வரவே வராது. உடைக்குள் மறையும் தடித்த மருவுக்கு 5 முதல் 10 நொடி உறைய வைப்பதில் தப்பில்லை. கறுத்த முகத்துக்கு யாராவது இதை முதல் வழியாகச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

காட்டரியை விட லேசர் உசத்தி தானே? விலையும் அதிகமா இருக்கே?

விலை கருவிக்கு. கார்பன் டை ஆக்சைடு லேசரும் (10,600 நானோமீட்டர்) எர்பியம் யாக் லேசரும் (2,940 நானோமீட்டர்) தோலில் உள்ள நீரைச் சூடாக்கி ஆவியாக்குகின்றன. எர்பியம் சுற்றுத் திசுவில் குறைவான வெப்பத்தையே விடும், கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தைச் சேர்த்து அடைக்கும். அடர்த்தியாக நூறு புள்ளி இருப்பவர்களுக்கு லேசர் வேகமானது. ஆனால் ஆழம் அதிகமானால் இதிலும் அதே கருமை, அதே குழி. கன்னத்தில் பத்துப் பதினைந்து புள்ளிக்கு லேசருக்கென்று கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எந்தக் கருவி என்பதைவிட, நம் நிறத்தில் அதைப் பிடித்துப் பழகிய கை எது என்று விசாரிப்பது மேல்.

முதுகுல அஞ்சு ரூபாய் காசு அளவுக்கு ஒண்ணு இருக்கு. அதையும் சுடுவாங்களா?

அவ்வளவு தடிப்பைச் சுட்டுக்கொண்டே போனால் வெப்பம் கீழே தேங்கும். சுரண்டி எடுப்பதே சரி. லிக்னோகெய்ன் ஊசி போட்டு, வளைய முனையுள்ள கியூரெட்டால் மேலிருந்து வழித்தால் மொத்தமாகப் பெயர்ந்து வரும். கெரட்டோசிஸ் மேலோட்டமாக ஒட்டியிருப்பதால்தான் இது சாத்தியம். பிளேடால் தோலோடு மட்டமாகச் சீவி எடுப்பது இன்னொரு வழி. கசியும் ரத்தத்தை அலுமினியம் குளோரைடு தொட்டோ லேசாகக் காட்டரி வைத்தோ நிறுத்துவார்கள். தையல் தேவைப்படாது. இரண்டு மூன்று வாரத்தில் ஆறும்.

கண் இமை மேலயே ரெண்டு இருக்கு. அதை எடுக்கலாமா?

எடுக்கலாம், முறை மாறும். மேலே சொன்ன மரத்துப்போகும் கிரீமைக் கண்ணருகே தடவக் கூடாது. அது காரத் தன்மை உள்ளது, கண்ணுக்குள் வழிந்தால் கருவிழி புண்ணாகும், மரத்துப் போயிருப்பதால் எரிவதும் தெரியாது. இமையில் நுண்ணூசியால் மரக்க வைத்துக் கத்தரிப்பதே நல்லது. லேசர் என்றால் கண்ணுக்குள் உலோகக் கவசம் போட்டே செய்ய வேண்டும். இமை விளிம்பில், முடிக்கால் ஓரத்தில் இருந்தால் கண் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா? அடுத்த மாசம் கல்யாணம்.

அடுத்த மாதம் கல்யாணம் என்றால் இப்போது தொடவே வேண்டாம், மேக்கப் மறைத்துவிடும். குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதலில் தாடைக்குக் கீழோ காதுக்குப் பக்கத்திலோ இரண்டு மூன்று புள்ளிகளை மட்டும் எடுத்து ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். உங்கள் தோல் கறுக்குமா, வெளுக்குமா, ஒன்றும் ஆகாதா என்பதை வேறு எந்தப் பரிசோதனையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. நன்றாக ஆறினால் மீதியை நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பகுதி பகுதியாக எடுக்கலாம். 'ஒரே சிட்டிங்கில் அன்லிமிடெட்' என்று விளம்பரம் செய்யும் இடங்களைத் தவிர்ப்பது நல்லது.

எடுத்த பிறகு வீட்ல என்ன செய்யணும்? மஞ்சள் பூசலாமா?

முதல் நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து மென்மையான சோப்பால் கழுவி, ஒத்தி எடுத்து, மருத்துவர் தந்த ஆயின்ட்மென்டை (மியூபிரோசின், ஃபியூசிடிக் அமிலம் போன்றவை) ஒரு நாளைக்கு இரண்டு முறை மெல்லியதாகத் தடவுங்கள். இடையில் வறண்டால் வாசலின் போதும். பழுப்புப் பொருக்கு முகத்தில் 7 முதல் 10 நாளில் தானாக விழும், முதுகில் இன்னும் தாமதமாகும். அரித்தாலும் பிய்க்காதீர்கள். கருமைக்கும் குழிக்கும் பாதிக் காரணம் ஐந்தாம் நாளே நகத்தை வைப்பதுதான்.

மஞ்சள், சந்தனம், பிளீச், ஃபேஷியல், த்ரெடிங் எதுவும் பொருக்கு விழும் வரை கூடாது. விழுந்த அன்றே சன்ஸ்கிரீன் தொடங்க வேண்டும்: எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஸ்கூட்டரில் போகிறவர்கள் துப்பட்டாவை இறுகக் கட்டி உரச விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருக்கு விழுந்ததும் முன்னாடி இருந்ததை விடக் கறுப்பா ஆயிடுச்சு. கெடுத்துட்டாங்களா?

தொட்டுப் பாருங்கள். மேடில்லாமல் சமமாக இருந்தால் மரு போய்விட்டது, இருப்பது காயத்துக்குப் பிந்தைய கருமை. நம் நிறத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதே. சன்ஸ்கிரீனோடு மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் மங்கும். அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதக் கிரீம் வேகப்படுத்தும். ஹைட்ரோகுவினோனை மருத்துவர் சொன்ன சில வாரங்களுக்கு மேல் நீட்டக் கூடாது.

மருந்துக்கடையில் 'கருமைக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டால் ஸ்டீராய்டு உட்பட மூன்று மருந்து கலந்த கிரீம் கைக்கு வரும். இரண்டு வாரத்தில் பளிச்சென்று ஆகும். பிறகு முகம் சிவந்து, பரு வந்து, முடி முளைத்து, நிறுத்தவும் முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும். கறுப்புக்குப் பதில் வெளுப்பு வந்திருந்தால் உடைந்து போக வேண்டாம். காட்டரிக்குப் பின் வரும் வெளுப்பு பல மாதத்தில் ஓரத்திலிருந்து நிறம் கூடி அடைந்துவிடுவது உண்டு. நைட்ரஜனுக்கு மட்டும் அந்த உறுதி கிடையாது.

திரும்ப வருமா?

முழுதாக எடுத்த இடத்தில் பெரும்பாலும் வராது. பக்கத்தில் புதிது வரும். உடம்பின் போக்கு மாறவில்லை என்பதால் இதைத் தோல்வி என்று எண்ணக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தடுக்க மாத்திரை எதுவும் இல்லை.

எனக்குச் சுகர் இருக்கு, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரையும் சாப்பிடறேன். செய்யலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை இதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். அமுக்கிப் பிடித்தால் நிற்கும் கசிவுக்குப் பயந்து இதயத்தைப் பணயம் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள், மின்சாரம் செலுத்தும் ஆர்.எஃப். அதைக் குழப்பலாம். அவர்களுக்குக் கத்தரிப்பதும் சுரண்டுவதும் பொருத்தம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு மேடிட்டு வளர்ந்தவர்கள் மார்பு, தோள், தாடைப் பகுதியில் எடுப்பதை யோசித்துச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவம் வரை தள்ளிப் போடலாம், அவசரம் எதுவும் இல்லை.

கையில கோழித்தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கு. அதுவும் கெரட்டோசிஸ்னு சொன்னாங்க. அதையும் காட்டரி பண்ணலாமா?

அது கெரட்டோசிஸ் பைலாரிஸ். முடித்துளை ஒவ்வொன்றிலும் கெரட்டின் அடைத்து நிற்பது. மேற்கையிலும் தொடையிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும், சுட்டால் நூற்றுக்கணக்கில் கரும்புள்ளிதான் கிடைக்கும். குளித்து ஈரம் காயும் முன் மேலே சொன்ன யூரியா அல்லது லாக்டிக் அமிலக் கிரீமைத் தினமும் தடவுங்கள். பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதை நிறுத்துங்கள். கிரீமை விட்டால் மீண்டும் வரும், வயது ஏற ஏற பலருக்குக் குறையும்.

எடுத்ததை லேபுக்கு அனுப்பணும்னு சொல்றார். பணம் பிடுங்கறாரோ?

கன்னத்தில் முப்பது ஒரே மாதிரி டி.பி.என். இருந்தால் ஒவ்வொன்றையும் அனுப்புவதில் அர்த்தமில்லை, யாரும் அனுப்பவும் மாட்டார்கள். தனியாக, பெரிதாக, மேலே சொன்ன பய அறிகுறிகளில் ஒன்றோடு இருப்பதை அனுப்பச் சொன்னால் அந்த மருத்துவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். காட்டரியும் லேசரும் திசுவை எரித்துவிடுவதால் பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் சந்தேகம் உள்ளதைச் சீவியோ வெட்டியோ எடுக்கிறார்கள். அழகு நிலையத்தில் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதில் உள்ள பெரிய ஆபத்தும் இதுதான்: அங்கே டெர்மோஸ்கோப்பும் கிடையாது, லேபும் கிடையாது, எரிந்து போனது என்னவென்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அறிக்கை வந்ததும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மறுபடி ஏதாவது முளைத்தால் அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.